வளையல் பாட்டு

கரண்ட் போனால் சந்தோஷப்படுகிற மனிதன் ஒருவனை ஐதராபாத் உப்பலில்தான் பார்த்தேன். எங்கள் மேல் வீட்டுச் சந்திரமோகன்தான் அந்த மகானுபாவன். அந்த 2013 கோடையில், மதியச் சாப்பாடு முடிந்து கண் சொருகும் நேரமாகப் பார்த்து மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். ஏர்கூலர், மிக்ஸி, தண்ணீர் மோட்டார், சீரியல் எல்லாம் ஒரே சமயத்தில் அடங்கும். நாங்கள் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு விசிறியைத் தேடும்போது, மேலே அவன் கிதாரில் சுருதி சேர்க்கத் தொடங்குவான். மின்விசிறிச் சத்தம்கூட இல்லாமல் பாட்டைப் பதிவு செய்ய அதைவிடத் தோதான நேரம் இல்லையாம். பந்த் என்றால் இன்னும் கொண்டாட்டம். மெட்ரோ தூணுக்காகச் சாலையைத் தோண்டும் இயந்திரமும் அன்றைக்கு ஓய்ந்து கிடக்கும்.

நான் ஆசையாக வாங்கிவைத்த இன்வெர்ட்டருக்கும் அவனால் வேலையில்லாமல் போனது. "அங்கிள், ஒன் அவர் மட்டும் அதை ஆஃப் பண்ணுங்க. அது கொர்ர்ர்னு இருக்கு. மைக்ல வந்துடுது" என்று கெஞ்சுவான். என் மனைவி ஸ்டெல்லா என்னைக் கேட்காமலே அணைத்துவிடுவாள்.

பத்து வருஷம் 'டபுள் கா மீட்டா' என்ற பேண்டில் கிதார் வாசித்தவன் அவன். கம்பெனி ஆண்டு விழாக்களிலும் பப்களிலும் தெலுங்கு, ஹிந்தி, இங்கிலீஷ் எல்லாவற்றையும் கலந்து அடித்து நொறுக்குவார்கள். திடீரென்று ஒருநாள் அதிலிருந்து விலகி, தனியாக, மின்கருவி எதுவும் இல்லாமல், நாட்டுப்புறப் பாட்டுகளாக ஒரு ஆல்பம் போடப் போவதாகச் சொன்னான். அதற்கான செலவை விசிறிகளே இன்டர்நெட்டில் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டிருந்தார்கள். மொய்யை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் பெண் பார்க்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. அவன் மனைவி ரோகிணி ஈரோட்டுப் பெண். ஹைடெக் சிட்டியில் வேலை, வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. இந்த ஆல்பம் சரியாக வராவிட்டால் அவனுக்குத் திரும்பிப் போக பேண்டும் இல்லை, முகமும் இல்லை.

அவன் அம்மா கமலம்மாளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், ஸ்டெல்லாவுக்கும் அந்தப் பக்கம்தான். கணவர் செல்லப்பா அண்ணாச்சி மத்திய அரசு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சில வருடங்களுக்கு முன் இறந்தபோது அந்த அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் காதைக் கடித்துக்கொண்டார்கள். எனக்கும் உள்ளூர அப்படித்தான் பட்டது. ஆனால் மற்ற நாளெல்லாம் அவர் வாயில் ஒரு மெட்டு ஓடிக்கொண்டே இருக்கும். பயறு புடைக்கும்போது, கோங்குராக் கீரை ஆயும்போது, மாடியில் வடகம் பிழியும்போது. எங்கள் பால்கனிக்கு அது தெளிவாகக் கேட்கும்.

சார்மினாரு கடையில
சரஞ்சரமா வளை வாங்கி
வளை வந்து சேந்திருச்சு
கைய எங்க வச்சிருக்க?

மகனைத் தூங்க வைத்ததும் இதே பாட்டுதானாம். ஆல்பத்தில் முதல் பாட்டு அதுதான், அம்மாவே பாட வேண்டும் என்று மோகன் பிடிவாதமாக இருந்தான். அவரும் மறுக்கவில்லை. ஒரு மதியம் கரண்ட் போனதும், தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் கீரைக் கட்டோடு பாடினார். மோகன் கிதாரில் மெல்லத் தொட்டுக்கொண்டு வந்தான். இரண்டு சரணத்தை மட்டும் மாதிரிக்காக விசிறிகளுக்கு அனுப்பினான். அப்படியொரு வரவேற்பு. சார்மினார் வளையல் வருகிற தமிழ்த் தாலாட்டு உலகத்தில் வேறெங்கே இருக்கிறது, முழுப் பாட்டு எப்போது வரும் என்று கேட்டு மெயிலாகக் குவிந்தது.

பழைய பேண்டின் டிரம்மர் நூர் முகமது பாட்டைச் சுத்தம் செய்துகொடுக்க வந்தான். பேண்டை விட்டதில் அவனுக்குக் கோபம்தான், இருந்தாலும் சிநேகிதன். நானும் பொழுது போகாமல் மேலே போயிருந்தேன். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டவன் நிமிர்ந்தான்.

"மோகன், யே பச்சா கோன் ஹை ரே?"

"எந்தக் குழந்தை? யாருமே இல்லியே."

"ஹை நா, பாய். ஹர் லைன் கே பாத் போல்ரா. சுனியே அங்கிள், ஆப் சுனியே."

ஒவ்வொரு அடி முடிந்ததும் அது ஏதோ சொல்கிறதாம், என்னையே கேட்கச் சொல்லி ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டினான். கமலம்மாளின் குரல். ஒரு அடி முடிகிறது. கிதார் தந்தியின் அதிர்வு தேய்கிறது. அதற்குப் பின்னால், மைக்குக்கு மிக அருகில், "ம்."

கதை கேட்கிற பிள்ளை உம் கொட்டுமே, அதே 'ம்'. தூக்கம் பாதி, ஆசை பாதி. அடுத்த அடி. மறுபடியும் "ம்."

"கீழ் வீட்டுல எவன் பிள்ளையாவது..." என்று தொடங்கினேன். கீழ் வீடு என்னுடையது. எங்களுக்குப் பிள்ளை இல்லை.

நூர் அந்த இடங்களை மட்டும் வெட்டி எடுத்தான். திரும்பப் போட்டால், வெட்டிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி அது இருந்தது. அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நக்கோ ரே, யே மேரேகு நக்கோ" என்று, இந்த வேலையே தனக்கு வேண்டாமென்று எழுந்து செருப்பை மாட்டினான். சாயாகூடக் குடிக்கவில்லை.

மோகன் மட்டும் அசையாமல் இருந்தான். "அங்கிள், சின்ன வயசுல அம்மா பாடும்போது இந்த ம் வரும். நான்தான் சொல்றேன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றான்.

அடுத்த வாரமே அமெரிக்காவில் டல்லாஸிலிருந்து சுபாஸ்ரீ என்ற விசிறி எழுதியிருந்தாள். 'பாட்டில் குழந்தையை உம் கொட்ட வைத்தது அழகான யோசனை. என் மகளுக்கு இந்தப் பாட்டு இல்லாமல் தூக்கமே வருவதில்லை. இப்போது அவளும் ம் சொல்கிறாள். பாட்டு ஓடாதபோதும் சொல்கிறாள். யார் அந்தக் குழந்தை?' இதே போல இன்னும் சிலர். ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் இங்கேயே அமீர்பேட்டில் ஹாஸ்டல் நடத்துகிறவர். மோகனுக்கு உள்ளே பயம், வெளியே பெருமை. குழந்தையின் பெயரை ஆல்பத்தின் அட்டையில் போடச் சொல்கிறார்கள், என்ன போடுவது என்று என்னையே கேட்டான். எனக்கு எரிச்சல் வந்தது. பேய்க்கு நன்றி சொல்லி அட்டை அடிக்கிற முதல் ஆள் நீதான் என்றேன். சிரிக்கத்தான் சொன்னேன், சிரிப்பு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் கூடத்தில் பேப்பரைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து ஸ்டெல்லா உம் கொட்டிக்கொண்டே கேட்பது வழக்கம். தனித் தெலங்கானா போராட்டச் செய்தி, "ம்". தங்கம் விலை, "ம்". பட்டான்செருவில் ஏதோ ரசாயனத் தொழிற்சாலையில் வாயுக் கசிவு, "ம்". அப்போது வாசற்கதவு திறந்தது. கறிவேப்பிலைக் கட்டும் மீனுமாக ஸ்டெல்லா உள்ளே வந்தாள்.

"ஏன் இப்படி முழிக்கிய?" என்றாள்.

நான் பேப்பரை மடித்து வைத்தேன். அன்றைக்குப் பிறகு நான் எதையும் சத்தமாக வாசிப்பதில்லை.

அன்று மாலையே ரோகிணி படியைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஸ்டெல்லா அவளை நாற்காலியில் உட்கார்த்தி மோர் கொடுத்தாள்.

"அக்கா, சிரிக்காமக் கேளுங்க. அம்மாகிட்ட போன்ல பேசிட்டு இருந்தனுங்க. நான் ஒண்ணு சொல்லச் சொல்ல, பக்கத்துல இருந்து ம், ம்னு வருதுங்க. அத்தை கோயிலுக்குப் போயிருந்தாங்க. இவரும் இல்ல."

"போன்ல உங்க அம்மா சொல்லியிருப்பாங்க."

"இல்லீங்க. அம்மாவே கேட்டாங்க, யாரு சாமி அந்தக் கொழந்தைன்னு." ரோகிணி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "எங்க இருந்து வருதுன்னு பாத்தனுங்க. இங்க பக்கத்துல, இவ்வளவு உசரத்துல இருந்து வருது. நான் உட்கார்ந்தா எம்மடி உசரம். பயமா இருக்குதுங்கக்கா. அதுக்கு மேல ஒண்ணு. என்னையறியாம நானே அந்தப் பாட்டைப் பாடறனுங்க. என் கொழந்தை பொறந்தா, ம் சொல்றது எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

ஸ்டெல்லா மோர் தம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள். "அது தாலாட்டுன்னு உனக்கு யார் சொன்னா?"

"இவருதானுங்க."

"அவன் ஐதராபாத்துல வளந்தவன், அவனுக்கு என்ன தெரியும்? எங்க பக்கத்துல தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் மெட்டு ஒண்ணுதான். வந்துருச்சு, கைய எங்க வச்சிருக்கன்னு உசுரோட இருக்கிற பிள்ளையப் பாத்து எவ பாடுவா? எனக்கு முதல் நாளே சந்தேகம்தான். அடுத்த வீட்டு விஷயம்னு வாய மூடிட்டு இருந்தேன். வா, மேல போவோம். நீங்களும் வாங்க" என்றாள் என்னிடம்.

கமலம்மாள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். மோகன் லாப்டாப்பின் முன்னால். ஸ்டெல்லா சுற்றி வளைக்காமல் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"யக்கா, யாருக்குப் பாடுதிய?"

புளிக் கத்தி நின்றது. "வடிவுக்கு" என்றார் கமலம்மாள், அடுத்த தெருவில் இருக்கிறவளைச் சொல்வது போல.

மோகனுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை இருந்து தவறியது எங்களுக்கு அரைகுறையாகத் தெரியும். பெயர் தெரியாது. மோகனுக்கே தெரியாது என்று அவன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். காய்ச்சல்தான். காலையில வளையல் கேட்டா. சாயங்காலம் வாங்கித் தாரேன்னுட்டு அவுக வேலைக்குப் போனாக. மத்தியானம் அடங்கிட்டா. அவுக ஆளுகளோட வந்து தூக்கிட்டுப் போனாக. நான் கூடத்துல உக்காந்து பாடுதேன். சுத்தி உக்காந்திருந்தது பூராவும் தெலுங்குக்காரப் பொம்பளைக, ஒரு பெங்காலி, ஒரு மலையாளத்துக்காரி. நல்ல பிள்ளைக. கூடவே அழுதாளுக. ஆனா ஒருத்திக்கும் எழுப்பத் தெரியல."

ரோகிணி ஸ்டெல்லாவைப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல அழுதவ தானா எந்திரிக்கக் கூடாது" என்று ஸ்டெல்லா விளக்கினாள். "இன்னொருத்தி தோளைத் தொட்டு, போதும் எந்திரின்னு கையப் பிடிச்சுத் தூக்கி, ஒரு வாய் தண்ணி குடுக்கணும். அதோட அந்த அழுகை முடிஞ்சுது. செத்தவுகளும் போயிருவாக. சர்ச்சுக்குப் போற எங்க வேதக்கார வீட்டுலயும் அதேதான். பாட்டுத்தான் மாறும்."

"பொழுது சாஞ்சுது" என்று தொடர்ந்தார் கமலம்மாள். "அவுக சுடுகாட்டுல இருந்து பசியோட வந்து நிக்காக. அடுப்புப் பத்த வைக்கணும். தானா எந்திரிச்சிட்டேன்." கையிலிருந்த புளியை உருட்டினார். "அன்னைக்கு ராத்திரி சோறு வடிக்கையில வாயில பாட்டு வருது. நிறுத்தினேன். நிக்கல. ஒரு அடி முடிஞ்சதும் பக்கத்துல ம்ங்குது. எம்பிள்ளைல்லா! தூங்க வைக்கையில அப்படித்தான் சொல்லுவா. பெறவு நான் ஏன் நிறுத்தணும்?"

"அதனாலதான் அண்ணாச்சி செத்தப்போ நீங்க..." என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"முத அழுகைல இருந்து எந்திரிக்காதவ எப்படி ரெண்டாவதுக்கு உக்காருவா, தம்பி? உக்காந்து பாத்தேன். வரல."

கல்நெஞ்சுக்காரி என்று நினைத்த என் நெஞ்சு எங்கேயோ போய் இடித்துக்கொண்டது. அந்த அம்மாவின் காலில் விழலாம் போல இருந்தது.

"யக்கா, நான் எழுப்புதேன். இப்பவே" என்று ஸ்டெல்லா கையை நீட்டினாள்.

கமலம்மாள் சட்டென்று பின்னால் நகர்ந்தார். அப்படி ஒரு வேகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. "தொடாத. தொட்டா அது போயிரும். எங்கிட்ட அது பாட்டுக்கு இருக்கு. யாரை என்ன செஞ்சுது?"

மோகன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "அம்மா, அது உன்கிட்ட மட்டும் இல்ல." லாப்டாப்பைத் திருப்பி, சுபாஸ்ரீயின் புதிய மெயிலைத் தமிழில் தட்டுத்தடுமாறிச் சொன்னான். அவள் மகள் இப்போது சாப்பாட்டுக்கும் வருவதில்லை. கூடத்து மூலையில் உட்கார்ந்து யாருக்கோ வளையல் போட்டுவிடுகிறாள். கேட்டால், பாப்பாவுக்குக் கை இல்லை, தேடுகிறேன் என்கிறாள். சிங்கப்பூர்க்காரர் வீட்டிலும் ஏதோ இப்படித்தான்.

கமலம்மாள் அந்தத் திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தார்.

"ஊர் ஊரா அலையுதா?" என்றார். "கண்டவுக வீட்டு வாசல்லயும் போய் நிக்குதா எம்பிள்ள? என் பக்கத்துலயே இருக்குன்னுல்லா நெனச்சேன்." திரையை விரலால் தொட்டார். "பசிக்குமே அதுக்கு."

யாரும் அவரை வற்புறுத்தவில்லை. அவரே சொன்னார். "கடைசியில நாலு அடி இருக்கு. வழி அனுப்புற அடி. அதை நான் பாடுனதே இல்ல. பாடிருதேன். பாடி முடிச்சதும் எழுப்பிரு ஸ்டெல்லா."

சனிக்கிழமை பந்த். தெருவில் ஷேர் ஆட்டோ இல்லை, தோண்டும் இயந்திரம் இல்லை. வழக்கம் போல மதியம் கரண்டும் போனது. வெயில் ஜன்னல் கம்பி வழியாகத் தரையில் கோடு போட்டுக் கிடந்தது. கமலம்மாள் தலைக்குக் குளித்து, கூடத்தின் நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். நூர் முகமதும் வந்திருந்தான். பயந்தவன் ஏன் வந்தாய் என்றால், "அம்மா ஹை நா அங்கிள்" என்றான், அம்மாவாயிற்றே, வராமல் இருப்பேனா என்பது போல. மோகன் மைக்கை வைத்தான். பதிவாகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. விசிறிகள் கேட்கிற முழுப் பாட்டு இதுதான், இனி ஒருமுறை கிடைக்கப் போவதில்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவர் பாடினார். முதல் சரணம், வளையல். "ம்." ஹெட்ஃபோன் தேவைப்படவில்லை, அறையில் எல்லோருக்கும் கேட்டது. இரண்டாவது, கொலுசு. "ம்." சத்தம் அவர் மடிக்குப் பக்கத்திலிருந்து வந்தது. நூர் உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தான். கடைசிச் சரணத்துக்கு முன் கமலம்மாள் மூச்சு வாங்க நிறுத்தினார். அந்த இடைவெளியில் மோகன் குனிந்து எதையோ அழுத்தினான். சிவப்பு விளக்கு அணைந்தது. கிதாரையும் சுவரில் சாய்த்து வைத்தான். பேண்டை விட்டு எதற்காக வந்தானோ அதை அவனே அணைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அந்தச் சரணத்தில் எனக்கு இரண்டு அடிதான் நினைவிருக்கிறது.

எடுத்துக்கிட்டுப் போ தாயி
ஏந் திரும்பிப் பாக்குற?

உம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சின்ன விசும்பல் கேட்டது. உதடு பிதுங்கி, அழலாமா வேண்டாமா என்று பிள்ளைகள் நிற்குமே, அது. ஸ்டெல்லாவின் கை பாதியில் நின்றுவிட்டது. எதற்கும் அஞ்சாத பெண் அவள், அவளால் முடியவில்லை. "ஆண்டவரே" என்று முகத்தை மூடிக்கொண்டாள். கமலம்மாள் கண்ணை மூடி, மறுபடியும் முதல் அடியை எடுக்கப் போனார். எடுத்திருந்தால் அவ்வளவுதான்.

ரோகிணி சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். மாமியாரின் தோளைத் தொட்டாள்.

"போதுமுங்க அத்தை. எந்திரிங்க."

கையைப் பிடித்தாள். யார் யாரைத் தூக்கினார்கள் என்று சொல்ல முடியாது, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். ரோகிணி செம்பை நீட்டினாள். கமலம்மாள் குடித்தார். ஒரே மூச்சில், வருஷக்கணக்காகத் தாகம் இருந்தவரைப் போல. அறையில் ஏதோ ஒன்று குறைந்தது. அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது என்றே தெரியாத ஒரு சத்தம் நின்றுபோனது போல இருந்தது.

செம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் சுற்றிலும் பார்த்தார். சுவரில் மாலை போட்டிருந்த செல்லப்பா அண்ணாச்சியின் படத்தில் கண் நின்றது. அப்போதுதான் சாவுச் செய்தி வந்த மாதிரி முகம் மாறியது.

"ஐயோ, என்னப் பெத்த ராசா, அவுக போயிட்டாகளே" என்று நெஞ்சில் அறைந்துகொண்டு அப்படியே உட்கார்ந்தார். அந்த அழுகையை என்னால் எழுத முடியாது. கரண்ட் வந்து, மின்விசிறி சுழன்று, தெருவெல்லாம் மோட்டார் போட்டும் அவர் அழுகைதான் மேலே கேட்டது. இந்த முறை ஸ்டெல்லா தயாராக இருந்தாள். பொழுது சாயும் முன் தோளைத் தொட்டு எழுப்பித் தண்ணீர் கொடுத்தாள்.

வளையல் பாட்டு இல்லாமல்தான் ஆல்பம் வந்தது. மாதிரியையும் நீக்கிவிட்டான். வாக்குத் தவறியவன் என்று சிலர் திட்டி எழுதினார்கள். திட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பினான். விற்காத ஆல்பங்கள் இன்னும் அட்டைப்பெட்டிகளில் அவன் பரணில் இருக்கின்றன. இப்போது நூர் முகமதோடு கல்யாணங்களுக்கு வாசிக்கப் போகிறான். ஒருநாள் அம்மாவிடம் அந்த மெட்டைக் கேட்டிருக்கிறான். அவர் யோசித்துப் பார்த்து, "எந்தப் பாட்டுய்யா?" என்றாராம். ரோகிணிக்குப் பெண் குழந்தை. அதைத் தூங்க வைக்க அவள் ஈரோட்டுப் பாட்டு ஒன்றைப் பாடுகிறாள். அதற்கு மெட்டே கிடையாது என்பான் மோகன்.

இதெல்லாம் பிற்பாடு. அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் சுபாஸ்ரீயின் மெயில் வந்தது. மோகன் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து வாசித்தான். அவர்கள் ஊரில் விடிவதற்கு முன் மகள் எழுந்து உட்கார்ந்தாளாம். நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இங்கே மதியம். பிறகு அவள் உம் சொல்லவே இல்லை. வாசற்கதவடியில் உட்கார்ந்து, 'பாப்பா போயிட்டா, பாப்பா போயிட்டா' என்று ஓயாமல் அழுகிறாள். தூக்கினாலும் வர மறுக்கிறாள். நாங்கள் என்ன செய்வது என்று கேட்டிருந்தாள்.

என்ன பதில் எழுதட்டும் என்று மோகன் எங்களைக் கேட்டான்.

கமலம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதுகிட்ட உக்காந்து தோளைத் தொடச் சொல்லுய்யா. போதும் எந்திரின்னு சொல்லி, ஒரு வாய் தண்ணி குடுக்கச் சொல்லு."